பிழையை அளந்தவர்

2021ஆம் ஆண்டு ஸ்பிரிங்கர் பதிப்பகம் 'பி-தொடர்கள்' குறித்து ஒரு கணித நூலை வெளியிட்டது. எழுதியவர் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த ஜான் புட்சர். அப்போது அவருக்கு வயது 88. அந்த நூலின் வித்து, 1963இல் ஆஸ்திரேலியக் கணித இதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரையில் கிடக்கிறது. இடையே ஐம்பத்தெட்டு ஆண்டுகள். ஒரே கேள்வியோடு ஒரு மனிதர் அத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி இதுதான். சில கணக்குகளுக்குச் சரியான விடையை யாராலும் எழுத முடியாது. தோராயமாகத்தான் சொல்ல முடியும். அந்தத் தோராயத்தில் பிழை எவ்வளவு? அதைக் கட்டுக்குள் வைப்பது எப்படி? எண்ணியல் பகுப்பாய்வு என்ற துறை முழுவதும் இந்த இரண்டு கேள்விகளின் மேல்தான் நிற்கிறது.

மலேசியாவின் கெடாவில் உட்கார்ந்துகொண்டு புட்சரைப் பற்றி எழுத எனக்குக் காரணம் உண்டு. தோராயக் கணக்கோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நாம். கோயிலில் பஞ்சாங்கம், ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் பால் எடை, இப்போது கூலிமில் சிப்புத் தொழிற்சாலை. இவற்றில் எதிலும் முழுச் சரியான எண் என்று ஒன்று இருந்ததில்லை. பிழையின் அளவு யாருக்குத் தெரிந்தது, யாருக்குத் தெரியவில்லை என்பதுதான் நம் வாழ்வைத் தொட்ட விஷயம்.

*

விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழையும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அடுத்த சில அடிதான் தெரியும். தெரிகிற தரையின் சாய்வைப் பார்த்துக் காலை வைக்கிறார். வைத்த இடத்தில் நின்று மறுபடி பார்க்கிறார். வகைக்கெழுச் சமன்பாட்டை எண்களால் தீர்ப்பதும் இப்படித்தான். முழுப் பாதையும் தெரியாது. நிற்கிற புள்ளியில் எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகவேண்டும் என்பது மட்டும் தெரியும். அதை வைத்து ஒரு படி எடுத்து வைக்கிறோம்.

கையால் ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வேகத்தில் வளர்கிறது. தொடக்கத்தில் 1 இருக்கிறது. ஒரு நேர அலகு கழிந்தால் எவ்வளவு ஆகும்? உண்மை விடை 2.71828 என்று நீளும் எண். 18ஆம் நூற்றாண்டின் ஆய்லர் வழியில் திசையை ஒரே ஒருமுறை பார்த்து ஒரே படியாகத் தாண்டினால் 2 வரும். நான்கு சின்னப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் ஒருமுறை திசை பார்த்தால் 2.4414 வரும். பிழை 0.277.

அதே நான்கு பார்வைகளை வேறு விதமாகச் செலவிடலாம். தொடக்கத்தில் வேகம் 1. அந்த வேகத்தில் பாதி தூரம் போனால் அங்கே வேகம் 1.5. இந்தப் புது வேகத்தோடு தொடக்கத்திலிருந்து மறுபடி பாதி தூரம் போனால் 1.75. அதோடு முழுத் தூரமும் போனால் 2.75. நடு இரண்டுக்கும் இரட்டைப் பங்கு கொடுத்துச் சராசரி எடுத்தால் 1.7083. தொடக்கத்து 1ஐக் கூட்டினால் 2.7083. பிழை 0.01க்கும் சற்றுக் குறைவு. உழைப்பு அதே நான்கு பார்வைதான். பிழையோ ஏறத்தாழ 28 மடங்கு குறைந்துவிட்டது.

இது ருங்கே-குட்டா முறை. 1895இல் கார்ல் ருங்கே தொடங்கி வைத்தார். 1900இல் ஹொய்ன் வளர்த்தார். 1901இல் குட்டா இன்று பாடப் புத்தகங்களில் இருக்கும் வடிவத்தைத் தந்தார். அது நான்காம் வரிசைத் துல்லியம் கொண்டது; வரிசை கூடக்கூட, படியைச் சிறிதாக்கும்போது பிழை இன்னும் வேகமாகக் குறையும். குட்டா அதற்கு மேலும் ஒரு படி ஏறி, ஐந்தாம் வரிசைத் துல்லியம் கொண்ட முறைகளையும் எழுதினார். அதில் சில எண்கள் தவறாக விழுந்திருந்தன. 1925இல் நைஸ்ட்ரம் அவற்றைத் திருத்தும்வரை அந்தத் தவறு அச்சில் இருந்தது. பிழையை ஆளவென்றே பிறந்த முறைக்குள் பிழை கால் நூற்றாண்டு குடியிருந்தது.

ஏன் அப்படி? கணக்கு அவ்வளவு சிக்கல். துல்லிய வரிசை ஒன்று கூடும்போது, முறையின் எண்கள் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள் பல மடங்காகப் பெருகுகின்றன. நான்காம் வரிசைக்கு 8 நிபந்தனைகள். ஐந்துக்கு 17. ஆறுக்கு 37. ஏழுக்கு 85. எட்டுக்கு 200. ஒவ்வொன்றையும் பக்கம் பக்கமாக விரித்து எழுதிச் சரிபார்க்கவேண்டும். ஆறாம் வரிசைக்கே 1956இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஹூட்டா எட்டுப் பார்வைகள் கொண்ட ஒரு முறையைப் பெரும்பாடுபட்டுக் கண்டார். அதற்கு அப்பால் காடு.

*

1933இல் ஆக்லாந்தில் பிறந்த புட்சர் இந்தக் காட்டுக்குள் நுழைந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இயங்கத் தொடங்கிய சிலியாக் கணினியில், விண்கதிர்கள் காற்றில் மோதும்போது பொழியும் துகள்மழையை இயற்பியலாளர் மெசலுடன் சேர்ந்து கணக்கிட்டுக்கொண்டிருந்த இளைஞர் அவர். 1957இல் தென் ஆஸ்திரேலியாவின் சாலிஸ்பரியில் நடந்த ஒரு கருத்தரங்கில், மெர்சன் என்பவர் இந்த நிபந்தனைகளை மர வரைபடங்களாகப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை முன்வைத்திருந்தார். புட்சர் அதைக் கையில் எடுத்து முழுக் கோட்பாடாக்கினார்.

மரம் என்றால் புள்ளிகளும் கோடுகளும். ஒரு புள்ளி வேர். மற்றவை அதிலிருந்து கிளைக்கும். ஆங்கிலேயக் கணிதர் கெய்லி 1857இலேயே இவற்றை எண்ணத் தொடங்கிவிட்டார். நான்கு புள்ளிகளால் எத்தனை மரம் வரையலாம் என்று தாளில் போட்டுப் பாருங்கள். நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது ஒன்று. வேரிலிருந்து மூன்றும் நேராகப் பிரிவது ஒன்று. வேரிலிருந்து இரண்டு கிளை, அதில் ஒன்றின்மேல் இன்னொரு புள்ளி நிற்பது ஒன்று. வேரின் மேல் ஒரு புள்ளி, அது இரண்டாகப் பிரிவது ஒன்று. ஆக நான்கு. ஐந்தாவது கிடையாது.

இனி ஒவ்வொரு புள்ளியிலும், தன்னையும் தனக்கு மேலே இருப்பவற்றையும் சேர்த்து எத்தனை என்று எழுதுங்கள். எழுதியவற்றைப் பெருக்குங்கள். நேராக நிற்கும் மரத்துக்கு 4, 3, 2, 1, பெருக்கினால் 24. மூன்றாகப் பிரிந்ததற்கு 4. மற்ற இரண்டுக்கும் 8, 12. அந்த நிபந்தனைகளின் வலப்பக்கத்தில் வரவேண்டிய எண்கள் இவற்றின் தலைகீழிகள்: 1/24, 1/4, 1/8, 1/12. இடப்பக்கத்தையும் அதே மரத்தைப் பார்த்தே எழுதிவிடலாம். பக்கம் பக்கமாக விரித்தெழுதிய இயற்கணிதம், ஆறாம் வகுப்புப் பிள்ளை வரையக்கூடிய படத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 17, 37, 85, 200 என்று வளர்ந்த நிபந்தனைகள் வேறு எதுவும் இல்லை. அத்தனை புள்ளிகள் வரையில் வரையக்கூடிய மரங்களின் மொத்தம்தான்.

மரங்கள் கையில் வந்ததும், எது முடியும் எது முடியாது என்று புட்சரால் அறுதியிட்டுச் சொல்ல முடிந்தது. நான்காம் வரிசை வரை எத்தனை வரிசையோ அத்தனை பார்வை போதும். ஐந்தாம் வரிசைக்கு ஐந்து பார்வையால் ஆகாது, ஆறு வேண்டும். ஆறுக்கு ஏழு போதும்; ஹூட்டாவின் எட்டு தேவையில்லை. ஏழுக்கு ஒன்பது. எட்டுக்குப் பதினொன்று. வழி தெரியாததால் யாரும் செய்யவில்லை என்று இருந்த இடத்தில், வழியே கிடையாது என்பதற்கு நிரூபணம் வந்தது. எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் வீணாக அலைவதில்லை.

அவர் கண்டவற்றில் என்னை மிகவும் தொட்டது வேறொன்று. அதுவரை பலரும் ஒரே ஒரு சமன்பாட்டை வைத்தே முறைகளை உருவாக்கிச் சோதித்தார்கள். ஒன்றுக்குச் சரியாக வந்தால் பலவற்றுக்கும் வரும் என்று நம்பினார்கள். நான்காம் வரிசை வரை அந்த நம்பிக்கை பலித்தது. ஐந்தாம் வரிசையிலிருந்து பலிக்கவில்லை. ஒன்றையொன்று பாதிக்கும் பல சமன்பாடுகள் சேர்ந்து வரும்போது, ஒற்றைச் சமன்பாட்டில் ஒரே வடிவாகத் தெரிந்த இரு மரங்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன; கூடுதலாக ஒரு நிபந்தனை முளைக்கிறது. ஒருவருக்குப் பொருந்தியது என்பதாலேயே ஊருக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை நான் இதற்கு முன் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். கணிதத்தில் இவ்வளவு கறாராக நிறுவப்பட்டு இங்கேதான் கண்டேன்.

1966இல் புட்சர் ஆக்லாந்தில் பேராசிரியரானார். 1972இல் இந்த மரங்களின் இயற்கணிதத்தை ஒரு நீண்ட கட்டுரையில் முழுமையாக்கினார். 1974இல் கணிதர்கள் ஹைரரும் வன்னரும் அதன் தொடர்களுக்கு அவர் பெயரின் முதலெழுத்தைச் சூட்டினார்கள். அடுத்த கால் நூற்றாண்டில் யாரும் எதிர்பாராதது நடந்தது. 1990களின் கடைசியில் அலன் கோன், டிர்க் கிரைமர் இருவரும் துகள் இயற்பியலில் முடிவிலிகளைக் களைவதற்கு ஓர் இயற்கணிதத்தைக் கண்டபோது, அது புட்சர் 1972இல் எழுதியதோடு நெருங்கிய உறவுடையது என்று தெரியவந்தது. கணக்கைக் கொஞ்சம் துல்லியமாகப் போடவேண்டும் என்ற எளிய விருப்பத்தில் பிறந்த மரங்கள், இயற்பியலின் ஆழத்திலும் வேர் விட்டிருந்தன. 2010இல் நியூசிலாந்து அரச கழகம் அவருக்கு ஜோன்ஸ் பதக்கம் வழங்கியது. 2013இல் அந்நாட்டு அரசின் விருதும் வந்தது. விருதுகளைவிட அந்த 2021ஆம் ஆண்டுப் புத்தகமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 88 வயதிலும் அதே மரங்களை இன்னும் தெளிவாகச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

*

நம் பக்கம் வருவோம். 1825இல் ஜான் வாரன் என்பவர் சென்னையில் 'காலசங்கலிதா' என்ற நூலை வெளியிட்டார். அதில் பாண்டிச்சேரியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் வருகிறார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, எண்களைச் சொற்களில் பொதிந்துவைத்த, மனப்பாடமான வாக்கியங்களிலிருந்து அவற்றை எடுத்து, அந்த ஆண்டு மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகபவர் 1952இல் தமிழ் வானியல் பற்றி எழுதியபோது இந்த நிகழ்வை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்த வாக்கியங்களில் நிலவுக்கு உரியவை 248. நிலவு தன் வேக மாற்றத்தின் சுற்றை ஒன்பது முறை முடிக்க 248 நாள் ஆகும் என்பது அடிப்படை. உண்மையில் அதைவிட 13 நிமிடம் குறைவு. ஒரு சுற்றில் 13 நிமிடம் பெரிதல்ல. சுற்றுக்குச் சுற்று அது சேர்ந்துகொண்டே போகும். பழைய கணிதர்கள் இதை அறிந்திருந்தார்கள். அதனால் 3031 நாள் கொண்ட இன்னொரு பெரிய சுற்றையும் வைத்தார்கள்; அது 110 முறைக்குச் சமம். அதில் பிசகு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நீண்ட காலத்தைப் பெரிய சுற்றுகளால் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் 248ஐப் பயன்படுத்தினார்கள். சின்னப் பிழை சேர்ந்து பெரும் பிழையாகும், அது சேருமுன் ஆளவேண்டும் என்ற அறிவு இது. எண்ணியல் பகுப்பாய்வின் முதல் பாடமும் இதுவே.

பிறகு வந்த நாம் அந்த வாக்கியங்களைப் போற்றிக் காத்தோம். திருத்தும் பழக்கத்தைக் காக்கவில்லை. இன்று நம் வீடுகளில் அந்த வாக்கியங்களின் வழிவந்த வாக்கியப் பஞ்சாங்கமும், திருத்திய கணக்கில் அமைந்த திருக்கணிதமும் இரண்டு தேதிகள் சொல்கின்றன. சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினோரு மாத வித்தியாசம். சனி ஒரு பாகை நகரச் சராசரியாக ஒரு மாதம் ஆகும். இடையில் பின்னோக்கியும் போகும். ஆகவே வானில் சில பாகை விலகினாலே நாட்காட்டியில் பல மாதம் விலகிவிடும். எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது என்பது அவரவர் நம்பிக்கை. எனக்கு உறுத்துவது, வித்தியாசம் எவ்வளவு, ஏன் என்று கேட்கும் குரல் நம்மிடம் மெலிந்துபோனது. சோழிகளை அடுக்கிய அந்த மனிதரின் முன்னோர்கள் அதைக் கேட்டிருந்தார்கள்.

*

சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங், கூலிம், பாடாங் செராய் வரை ரப்பர் நின்ற காலத்தில், வேறொரு தோராயம் நம்மவர்களின் வயிற்றோடு கட்டுண்டிருந்தது. வெட்டிய பாலை வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தால் எடை போடுவார்கள். பாலின் எடையை வைத்து மட்டும் கூலியைக் கணக்கிட முடியாது. அதில் பெரும்பகுதி நீர். காய்ந்த ரப்பர் நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பது வரை இருக்கும். அது எவ்வளவு என்று அந்த இடத்திலேயே அறிய, பாலில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, உயரமான குவளையில் ஊற்றி, மெட்ரோலாக் என்ற மிதவைமானியைத் தோட்டக் கணக்கரான கிராணியார் மெதுவாக இறக்குவார். ரப்பர் தண்ணீரைவிட இலேசு. பால் கெட்டியாக இருந்தால் மானி ஆழமாக அமிழும், நீர்த்திருந்தால் மேலே நிற்கும். தண்டில் இருக்கும் கோட்டைப் பார்த்து ஓர் எண்ணைப் பேரேட்டில் எழுதுவார்.

பாலின் வெப்பம் மாறினால் அந்த எண் மாறும். கலந்த தண்ணீரின் அளவு சற்றுப் பிசகினாலும் மாறும். நுரை விளிம்பில் நின்றால் கோட்டைப் பார்க்கும் கண்ணும் பிசகும். பாலில் ரப்பர் அல்லாத பொருள்கள் மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் வேறுபடும். ஆய்வுக்கூடத்தில் அமிலம் விட்டு உறையவைத்து, தகடாக்கி, காயவைத்து நிறுத்தால்தான் சரியான அளவு கிடைக்கும். அதற்கு நேரம் பிடிக்கும்; காலைப் பாலோடு ஸ்டோரில் வரிசையாக நிற்பவர்களுக்கு அது ஆகாது. எனவே மெட்ரோலாக் ஒரு நல்ல தோராயக் கருவி. குறை கருவியில் இல்லை. பேரேட்டில் ஏறிய எண்ணுக்குப் பக்கத்தில், இதில் இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்று எழுத ஒரு கட்டம் இருக்கவில்லை. தோராயம் பேரேட்டில் ஏறியதும் உண்மையாகிவிட்டது. வரிசையில் நின்றவர்களுக்கு அதை எதிர்த்துக் கேட்கச் சந்தேகம் இருந்தது, அளவு இல்லை. பிழையின் அளவு தெரியாதவனின் சந்தேகம் முறையீடாக முடியும். அளவு தெரிந்தவனின் சந்தேகம் வாதமாகும்.

புட்சரைப் படித்த பிறகுதான் இந்த வித்தியாசம் எனக்கு விளங்கியது. பிழையின் எல்லையைச் சொல்லாமல் தரப்படும் எண் பாதி எண்தான். மறுபாதியைத் தருவது கணிதர் செய்யும் நேர்மையான வேலை.

*

தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று அங்கே வெள்ளை அங்கியணிந்து சிப்புகளோடு வேலை செய்கிறார்கள். ஒரு சிப்பு உருவாகுமுன் அதன் மின்சுற்று கணினியில் ஓடிக் காட்டவேண்டும். இதற்கென 1970களில் பெர்க்லியில் உருவான ஸ்பைஸ் மென்பொருளும் அதன் வழித்தோன்றல்களும் உலகமெங்கும் புழங்குகின்றன. மின்சுற்றில் சில மாற்றங்கள் கண்ணிமைக்குமுன் முடியும், சில ஆற அமர நடக்கும். இரண்டும் கலந்த சமன்பாடுகளைச் சாதாரண முறைகளால் தீர்க்கப்போனால் பிழை வெடித்துவிடும். அடுத்த படியின் திசையையும் சேர்த்தே தீர்க்கும் உள்ளார்ந்த முறைகள் தேவை. 1964இல் அவற்றின் ருங்கே-குட்டாக் குடும்பத்துக்கு ஒழுங்கான கோட்பாடு எழுதியவர் புட்சர். அந்தக் குடும்பத்தின் எளிய உறுப்பு சரிவக விதி. ஸ்பைஸ் அதைப் பயன்படுத்துகிறது. நம் படிவம் ஆறு மாணவர்கள் எஸ்.டி.பி.எம் தேர்வுக்குப் பரப்பளவு காணப் படிப்பதும் அதே விதிதான்.

அந்த மாணவர்களுக்கு நாம் விதியைச் சொல்லித்தருகிறோம். விடையை மூன்று தசம இடத்துக்கு எழுதச் சொல்கிறோம். சரி என்றால் ஒரு குறி, தவறு என்றால் ஒரு குறி. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி முழு மதிப்பெண்ணைத் துரத்தும் நம் சமூகத்துக்கு விடையில் இரண்டு நிலைகள்தான் தெரியும். மூன்றாவது ஒன்று உண்டு: விடை எவ்வளவு தூரம் சரி, அது எப்படித் தெரியும்? விடையோடு பிழையின் எல்லையையும் எழுதத் தெரிந்த பிள்ளை, நாளை மருத்துவமனையில் ஓர் அளவையும், அரசின் புள்ளிவிவரத்தில் ஒரு சதவீதத்தையும், சம்பளச் சீட்டில் ஓர் எண்ணையும் பார்க்கும்போது கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கும்.

ஆகவே, புட்சர் போன்ற ஒருவரை நாம் மதிப்பது எப்படி என்று கேட்டால் என் விடை எளியது. நம் வகுப்பறைகளில் ஒவ்வொரு தோராய விடைக்கும் பக்கத்தில் பிழையின் எல்லையை எழுதும் பழக்கத்தைக் கொண்டுவருவோம். அதற்கும் மதிப்பெண் கொடுப்போம். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஒருவர் பிழையின்மேல் இவ்வளவு பொறுமையும் அன்பும் வைத்திருக்க முடிந்தது என்றால், நம்மால் ஒரு விடைத்தாளில் ஒரு வரி சேர்க்க முடியும். தோட்டத்துப் பேரேட்டில் நமக்குக் கிடைக்காத அந்தக் கட்டத்தை, நம் பிள்ளைகள் தங்கள் கையாலேயே வரைந்துகொள்ளட்டும்.